கர்நாடக இசை கற்ற பிள்ளை ஏ லெவல் இசைக்குத் தயாராவது எப்படி: கோலாலம்பூர் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழெட்டு ஆண்டு வாய்ப்பாட்டோ வயலினோ கற்ற பிள்ளை, மூன்றாம் படிவம் முடிக்கும் நேரத்தில் "இசையையே பாடமாக எடுத்துப் படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்கிறது. பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். எங்கே படிப்பது, எதை முதலில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம். செந்தூலில் நான் நடத்தும் வகுப்புக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

பாடியோ வாத்தியம் வாசித்தோ காட்டும் வாசிப்புப் பகுதியில் இவர்கள் மதிப்பெண் இழப்பது குறைவு. ஐந்து கோட்டில் எழுதிய இசையைப் படிப்பது, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கோர்டுகளைக் காதால் பிடிப்பது, சொந்தமாக இசை அமைப்பது ஆகிய மூன்றிலும்தான் இழக்கிறார்கள். ஆனால் வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் போவது, ஏற்கெனவே நன்றாக வரும் வாசிப்புக்கே. வேலையின் வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டிய ஆறாம் படியைத் தவிர, கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்தத் தேர்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படிப்பவர்களுக்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம்-இல் இசைக் கல்வி என்ற தேர்வுப் பாடம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளியிலும் அதைக் கற்பிப்பதில்லை. நான்காம் படிவத்துக்குப் பாடத் தொகுப்பு தேர்ந்தெடுக்கும் நேரத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் தாமதம்தான். மூன்றாம் படிவத்தின் நடுவிலேயே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்-இல் காட்சிக் கலை உண்டு, இசை கிடையாது. "ஆறாம் படிவத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் அங்கே அந்தப் பாடமே இருக்காது. பள்ளி வயதில் உயர்நிலையில் இசை படிக்க வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் ஏ லெவல், ஐபி (இண்டர்நேஷனல் பேக்கலாரியட்) டிப்ளோமா ஆகிய இரண்டும்தான் பொதுவாக நம் மக்கள் போகும் வழிகள். இரண்டும் பெரும்பாலும் அனைத்துலகப் பள்ளிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் கிடைக்கும். அங்கேயும் இசையைக் கற்பிக்கும் இடங்கள் குறைவு. "ஏ லெவல் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "ஏ லெவலில் இசை கற்பிக்கிறீர்களா, இந்த ஆண்டு எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்" என்று கேளுங்கள். விளம்பரத் தாளில் பாடம் இருக்கும், சேரும் ஆள் குறைந்தால் வகுப்பே நடக்காது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் கேட்டு எழுதும் தாளுக்கு 30 விழுக்காடு, வாசிப்பும் இசையமைப்பும் சேர்ந்த செய்முறைப் பகுதிக்கு 20 விழுக்காடு. மீதி 50-க்கு நீண்ட வாசிப்பு, நீண்ட இசையமைப்பு, ஆய்வுக் கட்டுரை ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் மட்டும் எடுத்தால் கேட்டு எழுதும் தாள் 60, செய்முறை 40.

2022 முதல் மதிப்பிடப்படும் புதிய ஐபி இசையில் எழுத்துத் தேர்வு மண்டபமே இல்லை. எல்லாம் ஒப்படைப்பு வேலை. மாணவரின் சொந்தச் சூழல், உள்ளூர்ச் சூழல், உலகச் சூழல் என்று மூன்று கோணத்தில் இசையை ஆராயச் சொல்கிறார்கள். கோயில் நாதஸ்வரத்தையும் தைப்பூச உருமி மேளத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது நல்ல இடம். ஆனால் நிறைய எழுத வேண்டும். எழுதப் பிடிக்காத, காது கூர்மையான பிள்ளைக்கு ஏ லெவல்தான் என் பரிந்துரை.

ஏ லெவலுக்கு முந்தைய தேர்வான ஐஜிசிஎஸ்இ-இல் இசை எடுக்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். கேட்டல் 40, வாசிப்பு 30, இசையமைப்பு 30 என்று அதே மூன்று வேலையும் சிறிய அளவில் அதில் இருக்கின்றன. அதைச் செய்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஏ லெவலின் முதல் மாதங்கள் அவ்வளவு கடினமாக இருக்காது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், தேர்வு எழுதப்போகும் ஆண்டுக்குரிய பாடத்திட்டம். கேம்பிரிட்ஜ் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேட்டல் தாளுக்குக் குறித்த படைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். என் மாணவி ஒருத்தி அண்ணன் வைத்திருந்த பழைய பாடத்திட்டத்தைப் பார்த்து மூன்று மாதம் படித்தாள். பட்டியல் மாறியிருந்தது தெரியவந்த நாளில் அவள் அழுததை மறக்க முடியவில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பார்த்த பிறகே அச்செடுங்கள்.

இரண்டாவது, ஒரு கீபோர்டு. பியானோ தேவையில்லை. 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு போதும். வீட்டில் யாரும் பியானோக்காரர் ஆகப்போவதில்லை, இது கோர்டை அழுத்திக் காதில் வாங்குவதற்கு. வயலினிலோ குரலிலோ மூன்று ஒலியை ஒரே நேரத்தில் எழுப்பிப் பழக முடியாது என்பதால் இது இல்லாமல் நான்காம் படி நடக்காது.

மூன்றாவது, கணினியில் மியூஸ்ஸ்கோர். இசையை எழுதும் இலவச மென்பொருள், ஏ லெவலுக்குத் தாராளமாகப் போதும். அதே வேலைக்கான பழைய ஃபினாலே மென்பொருளை யாராவது தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். 2024-இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஐந்து கோடு போட்ட நோட்டுப்புத்தகம், மென்மையான பென்சில், காதை மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் ஒலி சரியாகக் கேட்காது. அதில் கேட்டுப் பயிற்சி செய்தால், நாம் பிடிக்க வேண்டிய அடிக் குரலே தப்பிவிடும்.

அப்புறம், குருவிடம் சொல்லுங்கள். இதை நடுவில் ஒரு வேலையாக எழுதுகிறேனே தவிர, பல வீடுகளில் இதுதான் முதல் தடை. "மேற்கத்திய இசைக்குப் போகிறாள்" என்று வேறு யார் மூலமோ தெரிந்தால் ஆசிரியருக்கு மனம் நோகும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், பாடத்திட்டத்தைக் காட்டி, "டீச்சர், வாசிப்புப் பகுதிக்கு நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும்" என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜிலும் ஐபியிலும் மேற்கத்திய இசை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்ற விதி இல்லை. அது தெரிந்ததும் பெரும்பாலான ஆசிரியர்கள் மலர்ந்த முகத்துடன் உதவுகிறார்கள்.

3. ஸ்டாஃப் நோட்டேஷனைப் படிக்கப் பழகுங்கள்

ஸ்டாஃப் நோட்டேஷன் என்பது ஐந்து கோட்டில் இசையை எழுதும் முறை. இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். தினமும் 20 நிமிடம் போதும், ஆனால் ஒருநாளும் விடக்கூடாது.

நம் பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு, சி என்றால் சா, டி என்றால் ரி என்று பாடம் பண்ணிக்கொள்வது. ஒரு கட்டை சுருதியில் பாடினால் மட்டும்தான் அது உண்மை. சா எந்தச் சுருதியிலும் உட்காரும். சி என்பது ஒரே இடத்தில் நிற்கும் ஒலி. ஆகவே முதல் வாரத்திலேயே சுருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப் (சி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை), ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். பிள்ளை ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள் என்றால் அவளுடைய சா, ஜி ஷார்ப். இது பிடிபட்டதும், சா எந்த ஒலியில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கீ என்ற சொல்லுக்குப் பொருள் தானாக விளங்கும்.

சரளி வரிசையில் தொடங்கலாமா என்று கேட்பார்கள். ஐந்து கோட்டில் வேண்டாம். சரளி வரிசை மாயாமாளவகௌளையில் இருக்கிறது. சி-யைச் சாவாக வைத்தால் டி ஃபிளாட் (டி-க்கு முந்தைய கறுப்புக் கட்டை), ஏ ஃபிளாட் என்று முதல் நாளே குறிகள் வந்து பயமுறுத்தும். அதே வரிசையைச் சங்கராபரணத்தில் எழுதுங்கள். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும், அதுதான் சி மேஜர். பிறகு அதையே ஜி-யிலும் எஃப்-இலும் எழுதச் சொல்லுங்கள். ஜி-யில் ஒரு ஷார்ப் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

நம் ராகங்களுக்கும் மேற்கத்திய ஸ்கேல்களுக்கும் உள்ள இந்த ஒற்றுமைகளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல். நடபைரவி இயல்பு மைனர். கீரவாணி ஹார்மோனிக் மைனர். கரகரப்பிரியா டோரியன், ஹரிகாம்போதி மிக்ஸோலிடியன், கல்யாணி லிடியன், தோடி ஃப்ரிஜியன். ஒரே ஓர் எச்சரிக்கை: சுர இடங்கள் மட்டும்தான் ஒன்று. ராகம் கமகத்தில் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை அசைத்தே பழகிய பிள்ளை, ஃப்ரிஜியனில் அதே இடத்தில் அசையாத ஒலியைக் கேட்டால் "இது தோடி இல்லையே" என்று குழம்புவாள். அவள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. கமகம் இல்லாமல் நேராகப் பாடும் பயிற்சியைத் தனியாகக் கொடுங்கள்.

இடைவெளிகளும் இப்படித்தான். சாவிலிருந்து சுத்த மத்தியமம் பெர்ஃபெக்ட் ஃபோர்த், பிரதி மத்தியமம் ஆக்மெண்டட் ஃபோர்த், பஞ்சமம் பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். அந்தர காந்தாரம் மேஜர் தேர்ட், சாதாரண காந்தாரம் மைனர் தேர்ட். புத்தகத்தைப் பார்த்து இவற்றை உருப்போடும் மற்ற மாணவர்களைவிட நம் பிள்ளைகள் வேகமாகக் கற்கும் இடம் இதுதான்.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்பதால் 8/4 என்று எழுதிவிடுகிறார்கள். 4/4-இல் இரண்டு பாராக (கோடு போட்டுப் பிரிக்கும் தாளப் பகுதியாக) பிரியுங்கள். அந்த வடிவத்தில்தான் மேற்கத்திய இசைக்காரரால் தடுமாறாமல் வாசிக்க முடியும். எண்ணிக்கைக்கு நாலு சுரம் வந்தால் செமிகுவேவர், இரண்டு வந்தால் குவேவர். மூன்று எண்ணிக்கையில் போடும் ரூபகம் 3/4. மிஸ்ர சாபு 7/8, அதில் 3, 4 என்று குவேவர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். திஸ்ர நடைக்கு 6/8 அல்லது 12/8.

பிள்ளை தாளம் போட்டுக்கொண்டே எழுதட்டும். கைவிரல் எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெட்ரோனோமைவிட அந்தக் கை நம்பகமானது.

4. கோர்டுகளைக் கேட்கக் காதைப் பழக்குங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஆறு மாதமாவது வேண்டும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது மேலே ஓடும் மெட்டைப் பின்தொடரும். கேட்டல் தாளில் கேட்கும் பல கேள்விகள் கீழே ஓடும் பேஸைப் பற்றியவை.

நான்காம் படிவப் பையன் ஒருவனுக்கு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹைடனின் நால்வர் இசையில் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். முடிவில் என்ன கேடன்ஸ், அதாவது வாக்கியத்தை முடிக்கும் கோர்டு நகர்வு என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "சரி, பெயரை விடு, என்ன நடந்தது?" என்றேன். "பாவிலிருந்து சாவுக்கு வந்துருச்சு சார்" என்றான். அது பெர்ஃபெக்ட் கேடன்ஸ். பெயர் தெரியாததால் அவனுக்குப் பூஜ்யம் கிடைத்திருக்கும், ஆனால் விடை அவன் காதில் இருந்தது.

அன்றிலிருந்து எல்லாருக்கும் இப்படித்தான் கற்பிக்கிறேன். கோர்டுகள் அவற்றின் இயல்பு நிலையில் இருக்கும்போது பேஸ் பாவிலிருந்து சாவுக்கு வந்தால் பெர்ஃபெக்ட். மாவிலிருந்து சாவுக்கு வந்தால் பிளாகல். எங்கிருந்து வந்தாலும் பாவில் போய் நின்றுவிட்டால், வாக்கியம் முடியாமல் தொங்கினால், இம்பெர்ஃபெக்ட். பாவிலிருந்து சா வரும் என்று எதிர்பார்த்து, தாவில் போய் இறங்கினால் இண்டரப்டட். முதல் இரண்டு வாரம் பெயர் சொல்லவே விடாதீர்கள். பேஸை வாயால் பாடச் சொல்லுங்கள். பாட வந்த பிறகு பெயரைச் சேர்த்தால் மறக்காது.

இசையின் நடுவில் கீ மாறும் மாடுலேஷனும் நமக்கு அந்நியமானதல்ல. கிரக பேதம் கேட்ட காதுக்குச் சா இடம் மாறுவது புதிதல்ல. மேஜரில் போய்க்கொண்டிருக்கும் இசையில் திடீரென்று பிரதி மத்தியமம் ஒலித்து, அது பஞ்சமத்தில் போய் அமர்ந்தால், இசை டாமினண்டுக்கு, அதாவது பஞ்சமமே புதிய சாவாகும் கீக்கு, நகர்கிறது என்று ஊகிக்கலாம். சி மேஜரில் எஃப் ஷார்ப் வருவது அதுதான். சங்கராபரணத்துக்குள் கல்யாணி எட்டிப் பார்த்ததுபோல் நம் பிள்ளைகளுக்கு உடனே உறுத்தும். அந்த உறுத்தலை நம்பக் கற்றுக்கொடுங்கள். சி மேஜரில் ஜி ஷார்ப் ஒலித்து ஏ-யில் அமர்ந்தால், ஏ-யைச் சாவாகக் கொண்ட ரிலேட்டிவ் மைனர். அங்கே கீரவாணி வாசனை அடிக்கும்.

தம்புராவை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள். இது பலருக்கு நெருடலாக இருக்கும். சுருதி பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால், சா மாறும் இசையைக் காது பின்தொடர மறுக்கிறது. இசைப் பயிற்சிக்குத் தம்புரா, கேட்டல் பயிற்சிக்கு மௌனம் என்று இரண்டையும் தனித்தனி நேரத்தில் வையுங்கள்.

பயணத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை எல்ஆர்டியில் போகும் நேரத்தில் ஒரே பகுதியை மூன்று முறை கேட்க முடியும். முதல் முறை மெட்டு, இரண்டாம் முறை பேஸ் மட்டும், மூன்றாம் முறை எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது என்பது. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸுக்குக் கூட்டிப்போங்கள். மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கும்போது டபுள் பேஸ்காரரின் வில்லை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பேஸ் அப்புறம் காதுக்கும் வந்துவிடும்.

5. ஐந்தாம் கிரேடு தியரியை முடித்துவிடுங்கள்

பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் ஐந்தாம் கிரேடு தியரி (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) ஏ லெவலுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் வகுப்பில் ஆசிரியர் அந்த அளவு தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடத்தைத் தொடங்குகிறார். ஒன்று முதல் ஐந்து வரையிலான கிரேடுகளுக்கு இப்போது இணையவழித் தேர்வு. மொத்தம் 75 மதிப்பெண், 50 எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொரு கிரேடாக எழுத வேண்டியதில்லை, நேராக ஐந்துக்குப் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏபிஆர்எஸ்எம்-இல் ஆறாம் கிரேடு முதல் வாத்தியத் தேர்வு எழுத ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்று வேண்டும். இன்னொரு தேர்வு வாரியமான டிரினிட்டியில் இந்த நிபந்தனை இல்லை. பின்னால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கிரேடு சான்றிதழ் கேட்கக்கூடும் என்பதால் வாசலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

6. இசையமைப்பை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்

கடைசி நேரத்தில் எல்லாரும் தவிக்கும் இடம் இது. வாசிப்பைக் கடைசி மாதத்தில் கூட மெருகேற்றலாம். இசையமைப்பு அப்படி வராது. பத்து எழுதித் தூக்கிப் போட்ட பிறகுதான் பதினொன்றாவது கேட்கும்படி இருக்கும்.

வாரம் ஒன்று, எட்டே பார். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். இந்த வாரம் மூன்று சுரம் மட்டும். அடுத்த வாரம் புல்லாங்குழலும் செல்லோவும் பேசிக்கொள்வதுபோல். அதற்கடுத்த வாரம் 7/8. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிள்ளைகள் சினிமாப் பாட்டின் சாயலுக்குத்தான் போகிறார்கள். கேட்டுக் கேட்டுக் கைக்குள் வந்துவிட்டது அதுதான்.

ராகத்தை வைத்து எழுத எல்லாருக்கும் ஆசை. நல்லதுதான். ஆனால் மெட்டை மட்டும் எழுதிவிட்டு, கீழே நான்கு கோர்டைச் செருகிக் கொண்டுவருகிறார்கள். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். சி-யைச் சாவாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்துக்குள் முழுமையாக அடங்கும் சாதாரண மூவொலிக் கோர்டுகள் சி மேஜரும் ஏ மைனரும் மட்டுமே. பழக்கதோஷத்தில் எஃப் மேஜரைப் போட்டால் மத்தியமம் நுழைந்து மோகனம் கலைந்துவிடும்.

ஒரு மாணவி இதை அழகாகத் தீர்த்தாள். கோர்டையே விட்டுவிட்டாள். செல்லோவில் சாவும் பாவும் நீண்டு ஒலிக்க, புல்லாங்குழல் பாடிய மெட்டை வயலின் இரண்டு எண்ணிக்கை தள்ளித் திருப்பிப் பாடியது. நம் கச்சேரியில் பக்கவாத்தியம் பின்தொடர்வதைத்தான் அவள் எழுதினாள். மேற்கத்தியத் தேர்வாளர் அதைக் கேனன் என்று அடையாளம் காண்பார். இரண்டு மரபும் சந்திக்கும் இப்படிப்பட்ட இடத்தைத் தேடுங்கள்.

நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி வரும் தவறுகள் இவை. வாத்தியத்தின் எல்லைக்குக் கீழே எழுதுவது: புல்லாங்குழல் நடு சி-க்குக் கீழே பொதுவாக இறங்காது, வயலின் அதற்குக் கீழுள்ள ஜி-க்குக் கீழே இறங்காது. மியூஸ்ஸ்கோர் அந்த ஒலியைக்கூட வாசித்துக் காட்டிவிடும், அதனால் தவறு தெரியாது. கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ஒலிக்கும் சுரத்திலிருந்து இடமாற்றி எழுத வேண்டும் என்பதை மறப்பது. வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் தொடக்கக் குறி) போடாதது. மூச்சு எடுக்கவே இடமில்லாமல் ஊதுவாத்தியத்துக்கு 16 பார் தொடர்ந்து எழுதுவது. எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்ற குறி ஒன்றுகூட இல்லாதது. நாம் வாய்வழியாகக் கற்றவர்கள், குரு பாடிக் காட்டியதால் எழுத வேண்டிய தேவை வரவில்லை. ஐந்து கோட்டில் எழுதினால் எழுதாத எதுவும் வாசிப்பவருக்குப் போய்ச் சேராது.

முடிந்தால் ஒரு முறையாவது உயிருள்ள ஆட்களை வைத்து வாசிக்கச் செய்யுங்கள். பள்ளி இசைக்குழுவில் இரண்டு நண்பர்கள் போதும். வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளில் ஏதோ பிழை இருக்கிறது.

7. வாசிப்புக்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பது

தெரிந்ததிலேயே கடினமானதை எடுக்காதீர்கள். இது பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அரங்கேற்றத்தில் பாடிய பெரிய கிருதியைத்தான் தர வேண்டும் என்று அழுத்தம் கொடுக்கிறார்கள். நிதானமாக, சுருதி சுத்தமாக, பாவத்தோடு முடிக்கக்கூடியதை எடுங்கள். குறித்த நிமிடக் கணக்கைத் தாண்டவும் கூடாது. வர்ணம் என்றால் முழுவதையும் தர முடியுமா, பல்லவி, அனுபல்லவி, முக்தாயி சுரத்தோடு நிறுத்த வேண்டுமா என்பதை கடிகாரம் வைத்துப் பாருங்கள். கற்பனை சுரம் பாடினால் அதற்கும் நிமிடம் வரையறுத்துப் பழகுங்கள். ஆர்வத்தில் நீண்டுபோவது எல்லாருக்கும் நடக்கிறது.

எதிரெதிர் குணமுள்ள இரண்டு உருப்படிகள் கேட்டால், ராகம் மட்டும் மாறினால் போதாது. காலப்பிரமாணம், தாளம், மனநிலை மூன்றும் வேறுபடட்டும். தேர்வாளருக்கு ராக வேறுபாடு சட்டென்று தெரியாமல் போகலாம், வேகமும் மனநிலையும் மாறியது யாருக்கும் தெரியும்.

வயலின் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. நாம் சா பா சா பா என்று கூட்டுகிறோம், மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ. ஒரே வயலினை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றி மாற்றிக் கூட்டினால் தந்தி நிலைக்காது, விரலும் குழம்பும். இரண்டாவது வயலின் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதை நின்றுகொண்டு, முகவாயில் பிடித்து மட்டுமே வாசியுங்கள். உடல் இரண்டு பழக்கத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

8. வாசிப்பைப் பதிவு செய்தல்

கோலாலம்பூரில் பிற்பகல் நான்கு மணிக்குப் பதிவு வைக்காதீர்கள். இடி மழை வந்தால் அன்றைய வேலை போச்சு. சனிக்கிழமை காலை ஒன்பது மணி நல்ல நேரம். விசிறியை நிறுத்துங்கள், ஏர்கண்டை அரை மணி நேரம் முன்பே ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். பக்கத்தில் கோயிலோ பள்ளிவாசலோ இருந்தால் பூசை நேரமும் தொழுகை நேரமும் பார்த்து வையுங்கள்.

கேமராவை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, கையும் முகமும் தெரியும்படி ஒரே தொடராக எடுங்கள். வெட்டி ஒட்டக்கூடாது. மிருதங்கம் இருந்தால் அதை மைக்கிலிருந்து இன்னும் தள்ளி உட்கார வையுங்கள். முதலில் ஒரு நிமிடம் எடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். தம்புரா செயலியை அதே தொலைபேசியில் ஓடவிட்டால் சுருதி பாட்டை மூடிவிடும். வேறு கருவியில், பிள்ளைக்குப் பின்னால் வையுங்கள்.

இந்தப் பதிவும் இசையமைப்பும் மாணவரின் சொந்த வேலைதான் என்று பள்ளி ஆசிரியர் உறுதி சொல்ல வேண்டும். அதனால் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக் கடைசி வாரத்தில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரைவைக் காட்டி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9. எழுத்து வேலை

தேர்வாளர் கர்நாடக இசை அறிந்தவராக இருப்பார் என்று எண்ணாதீர்கள். ஆலாபனை, நிரவல், கமகம், நடை என்ற சொற்களை முதல் முறை பயன்படுத்தும்போதே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். "தெய்வீகமான ராகம்" போன்ற புகழ்ச்சிக்கு மதிப்பெண் கிடைக்காது. எந்த நிமிடத்தில், எந்தச் சுரத்தில், என்ன நடக்கிறது என்று எழுதினால் கிடைக்கும். பிள்ளை பாடப் பழகிய ஒவ்வொரு வாரமும் இரண்டு வரி நாட்குறிப்பு எழுதி வைத்தால், கட்டுரைக்குப் பாதிச் சரக்கு அதிலேயே இருக்கும்.

10. பல்கலைக்கழக ஆடிஷன்

செர்டாங்கில் யுபிஎம், ஷா ஆலமில் யுஐடிஎம், தஞ்சோங் மாலிமில் உப்சி, பினாங்கில் யுஎஸ்எம், நம் ஊரில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இசை படிக்கலாம். சேர்க்கைக்குச் சான்றிதழோடு நேரில் வாசித்துக் காட்டவும் வேண்டியிருக்கும். என்ன வாத்தியம், எத்தனை உருப்படி, கர்நாடக இசையை ஏற்பார்களா என்பதை அந்தந்தத் துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆடிஷனுக்கு என்று புதிதாக எதையும் கற்க வேண்டாம். ஏ லெவலுக்குப் பதிவு செய்த உருப்படிகளையே எடுத்துச் செல்லுங்கள். தரும் தாளைப் பார்த்து அங்கேயே வாசிக்கச் சொல்லலாம், கீபோர்டில் ஒலிக்கும் இடைவெளியைப் பாடச் சொல்லலாம். மூன்றாம், நான்காம் படிகளில் பழகியதைக் கடைசி மாதத்தில் தினம் பத்து நிமிடம் திரும்ப எடுத்துப் பாருங்கள். வர்ணத்தின் ஸ்டாஃப் நோட்டேஷன் பிரதி இரண்டு அச்செடுத்து, ஒன்றைத் தேர்வாளர் மேசையில் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். காதால் பின்தொடர முடியாத இடத்தில் அவர் கண்ணால் பின்தொடர்வார்.